கடவுச்சீட்டும் தகரச் சீட்டும்

பாஸ்போர்ட்டுக்குத் தமிழில் பெயர்கள் பல. இலங்கைத் தமிழர் கடவுச்சீட்டு என்பர். மலேசியத் தமிழ் நாளேடுகள் கடப்பிதழ் என்று எழுதும். கடவு என்றால் வழி. தமிழ்நாட்டில் நாம் ஏட்டில் கடவுச்சீட்டு என்று எழுதினாலும் பேச்சில் பாஸ்போர்ட் என்றே சொல்கிறோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 'அவன் பாஸ்போர்ட் எடுத்துட்டான்' என்று யாரேனும் சொன்னால், அவன் உலகைச் சுற்றிப் பார்க்கப் போகிறான் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. வேலைக்குப் போகிறான் என்பதே பொருள். நிலத்தை அடகு வைத்திருக்கிறான் என்பதும் பல வேளைகளில் அதன் உட்பொருள்.

இந்தப் பேச்சு வழக்கு ஒரே நாளில் பிறந்ததன்று. ஐரோப்பியப் பயணியின் கையில் பாஸ்போர்ட் வளர்ந்த கதை வேறு, நம் வட்டார மக்களின் கைக்கு அது வந்து சேர்ந்த கதை வேறு. இரண்டாவது கதையையே இங்கே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறோம்.

பட்டினப்பாலை படித்தோர் அறிவர், புகார்த் துறைமுகத்தில் ஏறும் பொருளுக்கும் இறங்கும் பொருளுக்கும் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்டது. அங்கே முத்திரை சரக்குக்கு. ஆளுக்கு முத்திரை இட்ட செய்தி அந்நூலில் இல்லை. வடக்கே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆளையும் விட்டுவைக்கவில்லை. நாட்டுக்குள் வருவோருக்கும் வெளியே செல்வோருக்கும் முத்திரைச் சீட்டு வழங்க ஓர் அதிகாரியை அது நியமிக்கிறது. சீட்டுக்குக் கட்டணம் ஒரு மாஷம், சீட்டில்லாமல் நடமாடும் குடிமகனுக்குத் தண்டம் 12 பணம். ஆக, பயணத்துக்குச் சீட்டு என்னும் எண்ணம் மேலைநாடு நமக்குக் கற்பித்தது அன்று.

அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025 வாக்கில் கடாரம் வரை சென்றது. அதன் ஆயிரமாண்டு நிறைவை 2025 ஜூலையில் அவ்வூரில் விழாவாகக் கொண்டாடினோம். படையோடு போகிறவனிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை. வணிகரின் நிலை வேறு. சுமத்திராவில் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் ஏற்பாடு ஒன்றைப் பதிந்துள்ளது. கப்பலில் வருவோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது பேசுகிறது. கேட்கப்பட்டது கட்டணம், அங்க அடையாளம் அன்று. இதைக் கொண்டு பழங்காலத்தில் எல்லாரும் விரும்பியவாறு கடல் கடந்தனர் என்று மகிழ்ந்துவிட வேண்டியதில்லை. நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவுத் தொழிலாளிக்கு அடுத்த ஊரே அயல்நாடாக இருந்தது. அவனைத் தடுக்கச் சீட்டு தேவைப்படவில்லை. சாதியும் கடனும் போதுமானவையாக இருந்தன.

அந்த உழைப்பாளி முதன்முதலாகப் பெருந்திரளாகக் கடல் கடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவனுக்கென்று சீட்டு ஒன்று உருவானதும் அப்போதுதான். இன்றைய இரு மாவட்டங்களும் அன்று திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுக்காக்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் மிகுதியாக ஆள் கொடுத்த ஜில்லாக்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. வானம் பார்த்த பூமியும் 1876-78 பெரும் பஞ்சமும் ஆட்களை விரட்டின. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்தான்.

மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருக்குக் குடியேற்ற அனுமதிச் சீட்டு எழுதப்பட்டது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போனவர்கள் நேட்டாலுக்குச் சென்றோரில் முன்னோடிகள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு என்று இவ்வகைச் சீட்டின் கட்டங்கள் நீளும். ஒளிப்படம் இல்லாத காலத்தில் தழும்பே முகம்.

இலங்கைக்குப் போனோரின் சீட்டு இன்னும் வெளிப்படையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகரச் சீட்டு' முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லை அது. புகாரில் மிளகு மூட்டைக்கு இட்ட முத்திரை இங்கே ஆளின் மேல் ஏறிவிட்டது. மண்டபம் முகாமில் தொற்றுநோய்க் கண்காணிப்புக்காகச் சில நாள் அடைத்து வைத்து, அதன் பின்னரே கப்பல் ஏற்றினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று எழுதிய தாள் அது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வசதி படைத்தோர் பாஸ்போர்ட் இன்றியே நாடு விட்டு நாடு சுற்றினர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பார்க்கப் போனவனுக்குத் தாள் வேண்டாம், உழைக்கப் போனவனுக்கு வேண்டும் என்பதே அன்றைய நடைமுறை.

இதை எதிர்த்த முதல் பெருங்குரல்களில் தமிழரின் குரலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் கைவிரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியின் தலைமையில் அச்சீட்டுகள் குவித்து எரிக்கப்பட்டன. 1913 நவம்பரில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், பெண்கள், குழந்தைகளோடு நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை அனுமதி இல்லாமல் நடந்தே கடந்தனர். அவர்களில் தமிழர் மிகுதி. அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நம் பாடநூல்கள் தியாகி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. அவர் செய்த குற்றம் சீட்டின்றி எல்லையைக் கடந்தது என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

கனடா வேறு வழி கண்டது. 1908இல் அந்நாடு, பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வருவோரையே அனுமதிப்போம் என்று விதி செய்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராகச் செல்லும் கப்பலே அன்று இல்லை. 1914இல் 376 பயணிகளோடு வான்கூவர் சென்ற 'கோமகாட்டா மாரு' கப்பலை இரு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினர். இந்தியரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாகப் பாஸ்போர்ட் உருப்பெற்றதில் இந்த மோதலுக்குப் பெரும் பங்குண்டு என்று வரலாற்றாய்வாளர் இராதிகா மோங்கியா வாதிடுகிறார். முதல் உலகப் போர் அந்தக் கருவியை உலகப் பொதுவாக்கியது. 1920 அக்டோபரில் பாரிசில் கூடிய மாநாடு 32 பக்கக் கையேடு என்னும் பொது வடிவத்தைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இந்தியாவுக்குள் நுழைவோரைப் பற்றிய அச்சட்டம் 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தால் விலக்கப்படும் வரை, நூறாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது.

1922இல் வந்த குடிபெயர்வுச் சட்டம் நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. திறன் சாராக் கூலி வேலைக்குப் போவோர் அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே போகலாம் என்றது அது. சுரண்டலைத் தடுப்பதே நோக்கம். அந்நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் பயணி வேறு, கூலி வேறு என்ற பிரிவு அதனால் சட்டத்தில் உறுதிப்பட்டது.

பாஸ்போர்ட் வெளியேற உதவும் என்பதே பொதுவான நம்பிக்கை. வெளியேற்றவும் அது உதவும் என்பதை மலையகத் தமிழர் கண்டனர். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பிரித்தது. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துத் தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். பாட்டனார் தகரச் சீட்டோடு காத்திருந்த அதே மண்டபம் முகாமில் பேரன் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கினான்.

உரிமை என்னும் சொல் இக்கதைக்குள் 1967இல்தான் நுழைகிறது. அதுவரை பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பமாக இருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் அந்த ஆண்டு ஏப்ரலில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக ஜூன் மாதமே பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அவ்வுரிமையை மேலும் வலுவாக்கியது.

எனினும் பழைய பிரிவு மறையவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் போன்றோரின் பாஸ்போர்ட் 'இசிஆர்' வகையைச் சேரும். அதாவது, வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அவ்வாறு பெற்றால் வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படும், காப்பீடும் கட்டாயம். 2018 ஜனவரியில் இவ்வகைப் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை என்று அரசு அறிவித்தது. படிக்காதவனை அட்டை நிறத்தால் ஒதுக்குவதா என்று எதிர்ப்பு எழவே, அம்மாத இறுதியிலேயே அறிவிப்பு கைவிடப்பட்டது. தகர வில்லையின் நினைவு அறிந்தவர்க்கு அந்த எதிர்ப்பின் நியாயம் விளங்கும்.

இங்கேதான் சுற்றுலா விசா நம் கதைக்குள் வருகிறது. சுற்றுலாப் பயணியிடம் நாடுகள் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்குமிடம், கையிருப்புக்குச் சான்று. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளாயின் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். இவற்றோடு நம்மவர்க்குப் பெயரும் தடையாகலாம். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் எழுத நம்மிடம் ஒன்றுமில்லை, தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழர் பலர் திகைத்தனர்.

இசிஆர் பாஸ்போர்ட் உள்ளவரும் சுற்றுலாவுக்குப் போகலாம். 2007 அக்டோபர் முதல் அதற்குப் பாதுகாவலர் அனுமதி தேவையில்லை, விசாவும் திரும்பும் பயணச்சீட்டும் போதும். ஏழைக்கும் ஊர் சுற்றும் உரிமை உண்டு என்று ஏற்ற நல்ல விதி இது. தரகர் நுழையும் சந்தும் இதுவே. "இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவுல போ தம்பி, அங்க போயி மாத்திக்கலாம்" என்னும் வாக்கியத்தை எங்கள் மாணவர்களின் வீடுகளில் கேட்காதோர் குறைவு. சொல்கிறவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். சொந்த ஊர் அண்ணன், தூரத்து மாமா. கங்காணியும் அப்படித்தான் உறவு முறை சொல்லி அழைத்தான்.

சுற்றுலாப் பயணியாகப் போய் வேலையில் சேர்ந்தவனுக்குச் சரிபார்த்த ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, அந்நாட்டுச் சட்டத்தின் முன் அவன் குற்றவாளி. 2022இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட செய்தியை அறிவோம். கணினி படித்தவர்களும் அவர்களில் இருந்தனர். பட்டம் பெற்றவரின் பாஸ்போர்ட்டில் இசிஆர் குறிப்பு இருக்காது. ஆகவே அவரைத் தடுத்துக் கேட்பார் எவருமில்லை.

மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் நாங்கள் சொல்வது மூன்று செய்திகள். விசாத் தாளில் எழுதியிருக்கும் வகையை, தரகரின் வாய்ச்சொல்லை விடுத்து, நீங்களே படியுங்கள். ஆளனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட்டை எவரிடமும் அடகாகவோ பொறுப்பாகவோ கொடுக்காதீர்கள். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அது எப்போதும் இந்திய அரசின் உடைமை. வாங்கிப் பூட்டி வைக்கும் முகவருக்கோ கடன் கொடுத்தவருக்கோ அதன்மேல் எவ்வித உரிமையும் இல்லை. துண்டுத் தாளில் கடன் தொகையை எழுதித் தொழிலாளியைப் பிடித்து வைத்த முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்து அதே முறையை மீண்டும் நடத்த, படித்த தலைமுறை ஒன்று இடம் கொடுத்தல் ஆகாது.