சம்பளக் கணக்கில் பிறந்த வம்சாவளி

மண்கும்பானும் வேலணையும் அல்லைப்பிட்டியும் சேர்ந்த எங்கள் தீவை ஒல்லாந்தர் லெய்டன் என்றார்கள். காரைதீவு அவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம். புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். இந்தப் பெயர்களைப் பார்க்கிறவர்கள், அந்த நாளில் இங்கே வந்திறங்கிய வெள்ளைக்காரர் எல்லோரும் ஒல்லாந்து நகரங்களைச் சேர்ந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால், 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கிய ரைக்லொஃப் வான் கூன்ஸ் பிறந்த ரேஸ் என்ற ஊர் இன்றைக்கு ஜெர்மனியில் இருக்கிறது. நூரம்பெர்க்கிலிருந்து வந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் பதினைந்து வருடம் சேவித்த யோஹான் யாக்கோப் சார், ஊர் திரும்பி இலங்கைப் போர்களைப் பற்றி 1662இல் புத்தகமே போட்டார்.

நமக்குத் தெரிந்த ஜெர்மனியர்கள் வேறு மாதிரியானவர்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய கிறிஸ்தவப் போதகர் சீகன்பால்குவின் கடிதங்கள் ஹாலே நகரில் பத்திரமாக இருக்கின்றன. பெயரில்லாத சிப்பாய்க்குக் கடிதம் ஏது? ஆனாலும், இலங்கைப் பறங்கியர் குடும்பங்கள் பலவற்றால், தங்கள் முதல் பாட்டன் எந்த ஜெர்மன் ஊரில் பிறந்தான், எந்த ஆண்டு எந்தக் கப்பலில் ஏறினான் என்று சொல்ல முடிகிறது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் இந்தக் கதை.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஏறத்தாழ 10 லட்சம் பேரைக் கீழைத்தேசத்துக்கு அனுப்பியது. திரும்பிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, வேலை தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்து வந்த ஜெர்மன் இளைஞர்கள் சிப்பாய்களில் மிகப் பலர். வந்தவனை ஆள்பிடிகாரன் ஒருவன் வீட்டில் வைத்துச் சோறு போடுவான். கப்பல் புறப்படும்வரை தங்க இடமும், போட்டுக்கொள்ளத் துணியும், ஒரு பெட்டியும் கொடுப்பான். அதற்கு ஈடாக, 150 கில்டருக்கு ஒரு கடன் சீட்டு எழுதப்படும். சிப்பாயின் மாதச் சம்பளம் 9 கில்டர். பதினாறு மாதத்துக்கும் மேலான உழைப்பு, கடலில் கால் வைக்கும் முன்பே அடகு போய்விட்டது. ஆள்பிடிகாரனுக்கோ காசு உடனே வேண்டும். அந்தச் சீட்டை அவன் குறைந்த விலைக்கு வேறொருவனுக்கு விற்றுவிடுவான். கடலில் சிப்பாய் செத்தால் வாங்கினவன் பணம் போயிற்று.

ஒவ்வொருவரின் சம்பளத்தையும், அதில் கழிக்க வேண்டிய இந்தக் கடனையும் எழுதி வைக்கவே கம்பனி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளக் கணக்கேடு வைத்தது. ஆளின் பெயர், பிறந்த ஊர், பதவி, ஏறிய நாள் எல்லாம் அதில் உண்டு. ஊரிலிருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் போய்ச் சேர ஏற்பாடு செய்திருந்தால் அதுவும் பதிவாகும். கடைசியில், எங்கே, எப்படிக் கணக்கு முடிந்தது என்று ஒரு வரி: திரும்பினான், இறந்தான், ஓடிப்போனான். 1700க்கும் 1794க்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருக்கின்றன. கடன்காரனைத் தவறவிடக்கூடாது என்ற கணக்குப்பிள்ளையின் அக்கறை, ஏழைச் சிப்பாய்க்கு அவன் சொந்த ஊரில்கூடக் கிடைத்திராத சரித்திரத்தைக் கொடுத்துவிட்டது.

தேடுவது சுலபமல்ல. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். யோஹான் யான் ஆனான், குடும்பப்பெயர் கப்பலில் ஒரு மாதிரியும் கொழும்பில் வேறு மாதிரியும் ஆனது. ஆகவே பெயரை விடக் கப்பலும் ஆண்டும்தான் உறுதியான துப்பு. அவை கிடைத்தால் ஏட்டின் பக்கத்தைப் புரட்டலாம்.

இப்படிப் புரட்டி எழுதும் வேலைக்கு இலங்கையில் வித்திட்டவர் ஆர்.ஜி. அந்தோனிஸ். அரசாங்க ஆவணக் காப்பாளராக ஒல்லாந்தர் காலத்து ஏடுகளோடு வாழ்ந்தவர். 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு தொடங்கிய சங்கச் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகள் வெளிவரத் தொடங்கின. பின்னர் பொலிஸ் துறையில் உயர் பதவி வகித்த டி.வி. அல்டென்டோர்ஃப் அவற்றில் மிகப் பலவற்றைத் தொகுத்தார். ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, மரண சாசனம், கல்லறை எழுத்து என்று தேடித் தேடிச் சேர்த்த உழைப்பு அது. ஒவ்வொரு வம்சாவளியும் முதல் ஆளில் தொடங்கி, தலைமுறைக்கு ஒரு எண்ணாகக் கீழே இறங்குகிறது. 1956க்குப் பிறகு பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டமாகப் புறப்பட்டபோது, வெள்ளையருக்கு மட்டும் என்று கதவைச் சாத்தியிருந்த அந்நாட்டுக்கு ஐரோப்பிய வம்சம் என்று நிரூபிக்க இந்தப் பக்கங்கள் கைகொடுத்தன. ஆவணக் காப்பாளர் ஆசையாய்த் தொடங்கிய வேலை, மனிதர்களை நிறத்தால் தரம்பிரிக்கும் மேசையில் போய் நின்றது எனக்கு வேதனை தரும் செய்தி.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சங்கம் தந்தை வழியையே வம்சம் என்று கொண்டது. கடைநிலைச் சிப்பாய்க்கு மனைவி கப்பலில் வரவில்லை. போர்த்துக்கேயக் கலப்பு மரபில் வந்தவளையோ, தமிழ், சிங்களக் கிறிஸ்தவப் பெண்ணையோ இங்கேதான் கட்டினான். அவன் பிறந்த ஊர் வரைக்கும் நூல் பிடித்துப் போகலாம். அவளுக்குப் பல இடங்களில் ஞானஸ்நானப் பெயர் மட்டுமே எஞ்சுகிறது. தகப்பன் யார், எந்தத் தீவு, எந்தத் தெரு என்று இல்லை. அவள் பேரில் கம்பனிக்குக் கடன் எதுவும் இல்லை, அதனால் கணக்கும் இல்லை. பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவளே வம்சாவளியில் பாதி வரியாக நிற்கிறாள்.

அவளைத் தேட வேறு ஏடுகள் இருக்கின்றன. காணி, பங்கு, வரி எல்லாம் எழுதிய தோம்புகள் ஒரு பக்கம். ஒல்லாந்தர் ஊரூராக நடத்திய பள்ளிக்கூடங்களில் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானமும் திருமணமும் பதிந்த பள்ளித் தோம்புகள் இன்னொரு பக்கம். ஹேக் ஏடுகளைக் கணினியில் தேடும் வசதி வந்துவிட்டது. நம் பக்கத்து ஏடுகளைப் பொறுமையாக வாசிக்க, பழைய ஒல்லாந்த மொழியும் படித்து, எங்கள் தீவுகளின் ஊர்ப்பெயர், வளவுப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் அறிந்த ஆட்கள் தேவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இதற்கென்று இறங்கினாலே, அடுத்து எழுதப்படும் வம்சாவளியில் முதல் எண்ணுக்குக் கீழே அவனும் அவளும் முழுப் பெயரோடு சேர்ந்து வரலாம்.