அளவுகோல் நடந்து போன தூரம்

பொதுப்பணித் துறையில் நான் லஸ்கராக இருந்தேன். வெண்ணாற்றுப் பக்கம் ஒரு தலைப்பு மதகில் இருபத்தொன்பது வருஷம் ஷட்டர் தூக்கி இறக்கியவன். கப்பல் கூலிக்காரர்களை வெள்ளைக்காரன் அழைத்த பெயர் ஆற்றங்கரைக்கு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று எந்த அதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை. வேலை எளிது. காலையும் மாலையும் ஆற்றில் நிற்கும் அளவுகோலைப் பார்த்து, எத்தனை அடி என்று நோட்டில் எழுதி, மேலே சொல்ல வேண்டும். மேலிருந்து சொன்னால் திறக்க வேண்டும், சொன்னால் அடைக்க வேண்டும்.

காவிரிச் சண்டையைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அளவுகோலின் கதைதான். பஞ்ச காலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த இடத்தில் நின்று அளந்தது என்று கேட்கிறவர் குறைவு.

1924 பிப்ரவரி 18 அன்று மைசூரும் சென்னை மாகாணமும் ஒப்பந்தம் போட்டபோது அளவுகோல் நம்ம ஊரில், திருச்சிக்குப் பக்கத்தில், முக்கொம்பு மேலணையில் இருந்தது. மைசூரின் கிருஷ்ணராஜ சாகர் அணையில் தண்ணீரைத் தேக்குவதற்கு முன்னால் முக்கொம்பில் இத்தனை அடி நிற்க வேண்டும் என்று மாதவாரியாக எழுதி வைத்தார்கள். ஜூனில் ஆறரை அடி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஏழரை, செப்டம்பரில் ஏழு. இப்படி இறங்கி இறங்கி ஜனவரிக்கு மூன்று அடி. மழை பொய்த்து அந்த மட்டம் இல்லாவிட்டால், மேலே தேக்காமல் வருவதைக் கீழே விட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அந்தப் பட்டியலை நான் முதலில் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது, அது அடிக்கணக்கில் இருந்ததால். நூறு கோடி கனஅடி என்கிற டி.எம்.சி.யை எவனும் கண்ணால் பார்த்ததில்லை. ஏழரை அடியை என்னைப் போல ஒரு லஸ்கர் ஆற்றில் இறங்கிக் கையை வைத்துக் காட்டிவிடுவான்.

பத்து வருஷம் கழித்து, 1934 ஆகஸ்டில், மேட்டூர் அணை வந்தது. அதுவரை ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால்தான் வேலை. அதற்குப் பிறகு ஆறு ஒரு தேதியாக மாறியது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. எங்கள் பக்கத்தில் கல்யாண நாளை மறந்தவன் உண்டு, ஜூன் பன்னிரண்டை மறந்தவன் இல்லை. ஆனால் தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தேதியில் சரியாகத் திறந்தது ஏறக்குறைய இருபது தடவைதான். சில வருஷம் முன்கூட்டியே திறந்தார்கள், மீதியெல்லாம் தாமதம்.

கணக்கைப் போட்டால் காரணம் புரியும். 120 அடி நிரம்பிய மேட்டூரில் இருப்பது 93.47 டி.எம்.சி. டெல்டாவுக்கு இருநூற்று முப்பது நாளைக்கு வேண்டியது 330. நிறைகுடமாக நின்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் கையிருப்பு, மிச்சம் வழியில் வந்துகொண்டே இருக்க வேண்டும். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு பகல் ஒரு இரவு ஓடினால் ஒரு டி.எம்.சி. காலி. வரவு நின்ற வருஷத்தில் மேட்டூர் என்பது மாசம் முடியாமலே செலவழிகிற சம்பளம். தண்ணீர் வற்றி பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த நந்தி தலையைக் காட்டினால் பத்திரிகையில் படம் போடுவார்கள். அந்தப் படம் வந்தால் எங்கள் ஊரில் விதைநெல் கோட்டையைப் பிரிக்க மாட்டார்கள்.

1991இல் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வருஷத்துக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வந்து சேர வேண்டும். அளவுகோல் முக்கொம்பிலிருந்து மேட்டூருக்குப் போய்விட்டது. 2007 இறுதித் தீர்ப்பில் இன்னும் மேலே ஏறி, எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவுக்குப் போனது: 192 டி.எம்.சி. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. எல்லையில் அளப்பது நியாயம்தான், அதற்குக் கீழே நடப்பதற்கு நாம்தானே பொறுப்பு. எனக்கு அதில் வருத்தமில்லை. மேலே மேலே நடந்த அளவுகோல் ஒரு தடவையாவது கீழ்ப்பக்கம், கடைமடைக்கு, வந்ததா என்பதுதான் என் கேள்வி.

பற்றாக்குறை வந்தால் டெல்டாவில் செய்கிற வைத்தியம் முறை வைப்பது. கல்லணையில் ஆறு நாளோ ஏழு நாளோ காவிரிக்கு, பிறகு அதே அளவு வெண்ணாற்றுக்கு. இருப்பதைப் பாதிப்பாதியாக இரண்டிலும் விட்டால் என்ன என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். அகலமான ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் மணல்தான் குடிக்கும். வாய்க்கால் தலைப்பு உயரத்துக்கு மட்டம் ஏறவே ஏறாது. மணல் அள்ளி ஆறு பள்ளமான பிறகு இது இன்னும் மோசம். ஆறு கீழே, மதகு மேலே. அதனால் ஒன்றை நிரப்பி ஒன்றைக் காயப்போட வேண்டும். முறை சரியான ஏற்பாடு. கணக்கு தொடங்கும் இடத்தில்தான் கோளாறு.

2016இல் மேட்டூரைத் திறந்ததே செப்டம்பர் 20. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது, 62 சதவீதம் குறைவு. ஒரு முறையில் எங்கள் பக்கம் தண்ணீர் வந்து, அடைக்கச் சொல்லிச் செய்தியும் வந்துவிட்டது. சாயங்காலம் சாவியை மாட்டி ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறேன். கடைமடையிலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து இறங்கினார்.

“தம்பி, ஆறு நாள்னு பேப்பர்ல போட்டிருக்கு. எங்க மடைக்கு முந்தாநேத்துதான் தண்ணி வந்துச்சு. அதுக்குள்ள அடைக்கிறியே?”

“கல்லணையில தொறந்த நாள்லேருந்து கணக்குங்க ஐயா.”

“அப்ப நாத்தக் கொண்டுபோயி கல்லணையிலயா நடச் சொல்ற?”

எனக்குப் பதில் வரவில்லை. காய்ந்த மணலில் தண்ணீர் நாலு நாள் நடந்து அவர் ஊருக்குப் போகிறது; ஏட்டில் ஆறு நாள், அவர் வயலில் இரண்டு நாள். அவர் போன பிறகு ஷட்டரை அரையடி தூக்கி விட்டுவிட்டு, நோட்டில் ‘முழுதும் அடைக்கப்பட்டது’ என்று எழுதினேன். விடியற்காலையில்தான் இறக்கினேன். அடுத்த தலைப்பில் இருந்தவர் யோக்கியமான ஆள், தன் அளவுகோலில் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார். எனக்கு மெமோ வந்தது. வாங்க வேண்டியதுதான், பொய் எழுதியது நான். அந்த அரையடியும் பெரியவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நடுவில் எத்தனை ஆயில் என்ஜின்! 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள்.

அந்த 2017இல் மேட்டூரைத் திறந்தது அக்டோபர் 2. குறுவைச் சாகுபடி என்ற பேச்சே இல்லை. 2023இல் நேர்மாறு: தேதி தவறாமல் ஜூன் 12இல் திறந்து, மேலிருந்து வரத்து இல்லாமல் அக்டோபர் 10இல் அடைத்தார்கள். முன்னாலே சிக்கனமாக விட்டிருக்கலாம் என்று டீக்கடையில் எல்லோரும் பொறியாளர் ஆனார்கள். குறுவையை ஐந்து லட்சம் ஏக்கருக்குமேல் போட்ட பிறகு யாருடைய ஷட்டரை முதலில் இறக்குவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஆனி மாசம் வந்தால் கால் தலைப்புப் பக்கம் போய்விடுகிறது. புதிதாக வந்திருக்கிற பையன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறான், நோட்டு இருந்தாலும். அந்த டி.வி.எஸ்.ஸில் வந்த பேரன் இப்போது விவசாயம் பார்க்கிறான், என் நம்பரை வைத்திருக்கிறான். மேட்டூர் திறந்து பத்து நாளில் கூப்பிடுவான்.

“அண்ணே, மேட்டூர் எத்தனை அடி?”

சொல்வேன். கல்லணையில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதையும் சொல்வேன். பிறகு நான் கேட்பேன், உங்க வாய்க்காலில் எவ்வளவு என்று. போனைக் கையில் பிடித்தபடியே இறங்குகிற சத்தம் கேட்கும்.

“கணுக்கால்ணே.”