குற்றாலச் சாரலும் குடியானவன் வயலும்

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தை நோக்கிக் கூட்டம் திரள்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நிற்கிறார்கள். எண்ணெய்ச் சீசாவும் ஈரத் துண்டுமாய்த் திரும்புகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் சாரலின் சுகத்தைச் சுற்றத்தாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். குறை கூறவில்லை நாம். குளிர்ந்த நீரில் குளிக்க யாருக்குத்தான் உரிமையில்லை? ஆனால் பேரருவியில் விழுந்த நீர், குளித்தவர் காலடியோடு நின்றுவிடுவதில்லை. சிற்றாறாகிப் புறப்படுகிறது, தென்காசியைத் தொடுகிறது, அணைக்கட்டுகளில் தயங்கி, கால்வாய்களில் பிரிந்து, குளங்களில் தங்கி, மடை வழியே வயலுக்குள் நுழைகிறது, எஞ்சியது சீவலப்பேரியருகே தாமிரவருணியில் கலக்கிறது. அருவியைப் பாடியவர் பலர். அந்த நீர் பாய்ந்த வயல் யாருடையது என்று கேட்டவர் சிலரே. அந்தக் கேள்வியைத்தான் இங்கே நாம் எழுப்புகிறோம்.

ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுப்பது நம் தொழில். பாடநூலில் அரசர்கள் வருகிறார்கள், ஊர் வருவதில்லை. ஆகவே அவரவர் ஊரின் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது நம் வழக்கமாயிற்று. ஆயிரப்பேரி என்கிறோம், பேரி என்பது பேரேரி. மேலகரம் என்கிறோம், அகரம் என்பது பார்ப்பனர்க்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. குளம் என்றும், சமுத்திரம் என்றும், மங்கலம் என்றும் முடியும் பெயர்கள் நெல்லைச் சீமையெங்கும் உண்டு. வெட்டிய குளத்துக்குக் கொடுத்தவன் பெயர் வாய்த்தது. பெற்றவன் பெயர் வாய்த்தது. மண் சுமந்த கூடைக்காரியின் பெயரால் ஓர் ஊர் உண்டா?

தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் அக்கோயிலுக்குக் கேடு வந்தால் அதைச் செப்பனிடுவோரைத் தான் விழுந்து வணங்குவதாகக் கல்லிலே பாட்டாக வெட்டி வைத்தான். முடிமன்னன், முகமறியா ஒருவனை வணங்குகிறான்! பணிவைப் பாராட்டுவோம். ஆனால் அந்தக் கோயிலில் விளக்கெரிய, அமுது படைக்க, ஓதுவாரும் மேளகாரரும் உண்ண, நெல் எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து வந்தது. தேவதானம், பிரமதேயம் என்று கல்வெட்டுகள் பேசும். நாற்புறத்து எல்லையைச் சொல்லும். வரி நீக்கியதைச் சொல்லும். கொடையைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று மிரட்டவும் செய்யும். அந்த எல்லைக்குள் ஏர் பிடித்தவன் யார், நாற்று நட்டவள் யார் என்று தேடினால் கல் பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறது.

குறவஞ்சியின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் மகிழ்ந்து நிலம் அளித்தார். குறவஞ்சிமேடு என்று அந்நிலத்துக்குப் பெயர். பாட்டுக்குப் பரிசு; தமிழுக்குச் சிறப்பு; நமக்கும் பெருமையே. ஆனால் அந்நூலில் சிங்கன் என்றொரு வேடன் வருகிறானே, அவனைச் சற்று நினையுங்கள். குற்றாலநாதருக்குரிய பற்றுகளில் பறவைகள் இறங்குகின்றன. ஆயிரப்பேரி, தென்காசி, சுரண்டை என்று இடம் இடமாகச் சொல்லிக்கொண்டே கண்ணி வைக்கிறான். அத்தனை வயலையும் அவன் அறிவான். பெயர் சொல்லி அறிவான். அவற்றில் அவனுக்கு உரியது, அகப்பட்டால் ஒரு கொக்கு! நூலை நாடகமாக ஆடுவோர் இந்த இடத்தில் சிரிக்க வைக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்தபின் சிந்திக்கவும் இடமிருக்கிறது.

இனி வயலுக்கே வருவோம். இந்த மண்ணுக்குப் போகம் இரண்டு. சாரல் தரும் நீரை நம்பி விளைவது கார். வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்ப, மாசி பங்குனியில் அறுவடைக்கு வருவது பிசானம். நிலத்தை ஏக்கர் கணக்கில் பேசும் பழக்கம் பின்னால் வந்தது. நம் பாட்டன்மார் கோட்டை விதைப்பாடு என்பார்கள். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. ஒரு கோட்டை விதை விழும் பரப்பு ஒரு கோட்டை விதைப்பாடு, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகும். எவ்வளவு மண் என்பதை எவ்வளவு விதை என்று அளந்த அறிவு அது, உழுதவனுடைய அறிவு. அளவு அவனுடையதாக இருந்தும், அளக்கப்பட்டது அவனுடையதாக இல்லை!

களத்துமேட்டில் இது கண்கூடாகத் தெரியும். சூடடித்துத் தூற்றி, பொலி மலைபோல் நிற்கும். பொதுப் பொலியிலிருந்தே கோயிலுக்கு எடுக்கப்படும், கணக்கருக்கு எடுக்கப்படும், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், நீர்பாய்ச்சி, வெட்டியான் ஆகியோருக்குச் சுவந்திரம் என்று அளக்கப்படும். பிறகு மேல்வாரம். எல்லாம் போன பிறகு எஞ்சுவதே குடிவாரம். அந்தக் குடிவாரமும் பல ஊர்களில் சேற்றில் நின்றவனுக்குப் போகவில்லை. அவனுக்கு மேலே குத்தகைக்காரன் ஒருவன் இருந்தான். பண்ணையாளுக்குக் கிடைத்தது கொத்து. கதிர் அறுத்த கைக்குக் கூலியாய்க் கொஞ்சம் நெல்.

'மிராசு' என்ற சொல்லை ஆராயுங்கள். பரம்பரைச் சொத்து என்று பொருள்படும் அரபுச் சொல் அது. தமிழில் அதற்கு முன்பே காணியாட்சி இருந்தது. சில ஊர்களில் காணியாளர் நிலத்தைத் தனித்தனியே பிரித்துக் கொள்ளவில்லை. ஊர் முழுவதும் பொது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு செய்து, பங்குக்கேற்ப வயல்களை மாற்றி மாற்றி எடுத்துக் கொள்வார்கள். நல்ல வயல் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! இத்தகைய ஊர்களைக் கண்டுதான் 1830இல் சார்லஸ் மெட்காப் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியச் சிற்றூர்கள் சிறுசிறு குடியரசுகள் என்று புகழ்ந்தெழுதினார். அந்தப் புகழ்ச்சியை நம்மவரும் ஏற்றுப் பாடினர். குடியரசுதான், ஆனால் பங்குதாரரின் குடியரசு. பங்கில்லாதவன் அதன் குடிமகனல்லன். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தப் புகழ்ச்சியைத் தகர்த்தபோது, சேரியிலிருந்து ஊரைப் பார்த்தவர் பேசினார். பார்க்கும் இடம் மாறினால் ஊரே வேறாகத் தெரிகிறது.

பங்கில்லாதவன் என்றோம். உண்மை அதைவிடக் கொடியது. அவனே சொத்தாக இருந்தான். 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றிக் கலெக்டர்களின் அறிக்கைகளை ஆராய்ந்தது. நிலத்தை விற்றால் நிலத்தோடு ஆளையும் விற்பது தமிழ்நாட்டு நஞ்சைச் சீமைகளில் வழக்கமாயிருந்தது அப்போது வெளிப்பட்டது. மாடு, மண்வெட்டி, மனிதன்! 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமையைச் சொத்தாக எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. சட்டம் வந்தது சரி. ஆனால் விடுதலை பெற்றவன் போவதற்கு ஒரு முழம் மண் உண்டா? இல்லை. பழைய குடிசைக்கே திரும்பினான். கடன் சீட்டு விலங்காயிற்று.

இங்கே ஒரு வேடிக்கை. தென்காசியிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் நடந்தால் செங்கோட்டை. தென்காசி 1801 முதல் கம்பெனி ஆட்சியில். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி. அதே சாரல், அதே தமிழ், அதே கார் நெல். ஆயினும் கிழக்கே 1843இல் செல்லாமற்போன அடிமை உரிமை, மேற்கே 1855ஆம் ஆண்டு அரச விளம்பரம் வரை செல்லுபடியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள்! மனிதன் மனிதனா, மாடா என்பதை ஒரு சுங்கச்சாவடி தீர்மானித்திருக்கிறது. ஆனால் 1865இல் தராசு மறுபக்கம் சாய்ந்தது. திருவிதாங்கூர் அரசு தனக்குரிய பாட்ட நிலங்களை உழுகுடிகளுக்கே முழு உரிமையாக்கி விளம்பரம் செய்தது. பாட்டம் பெற்றவர் எல்லோரும் ஏர் பிடித்தவரல்லர் என்பதை மறக்கவில்லை நாம். எனினும் விற்கவும் வைக்கவும் உரிமையோடு பல்லாயிரம் பேர் பெயர் ஏட்டில் ஏறியது. கிழக்கே ரயத்துவாரிப் பட்டா பெரும்பாலும் பழைய மிராசுதாரர் பெயரிலேயே எழுதப்பட்டது. குத்தகைக்காரன் பெயரை எந்த ஏடும் கேட்கவில்லை. ஊத்துமலை, சொக்கம்பட்டி, சிவகிரி போன்ற இடங்களிலோ பாளையக்காரர் ஜமீன்தாராயினர். ஊத்துமலை ஜமீனின் நிழலில்தான் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மலர்ந்தது. கலைக்கு ஆதரவு கிடைத்தது. அதன் செலவையும் சேர்த்தே நெல்லாகக் கொடுத்தவன் குடியானவன்.

குற்றாலத்துக் கடைகளில் சாரல் காலத்தில் மங்குஸ்தான் பழம் குவிந்திருக்கும். அந்தப் பழத்தின் பிறப்பிடம் கடலுக்கப்பாலுள்ள மலாய்த் தீவுக்கூட்டம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியார் குற்றாலத்தில் வாசனைப்பயிர்த் தோட்டம் அமைத்தனர். கிராம்பும் சாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்காத் தீவுகளுக்குரியவை. பயிர் அங்கிருந்து இங்கே வந்ததென்றால், அங்கே உழவர் எப்படி வாழ்ந்தனர் என்றும் பார்க்கலாமன்றோ? ஜாவாத் தீவின் பல ஊர்களில் நெல்வயல் ஊர்ப்பொது. கோகோல் எனப்படும் முழு உரிமைக் குடும்பங்களுக்குள் அது முறைவைத்துப் பங்கிடப்பட்டது. நம் கரையீடு போலவே! அந்தப் பங்கில் சேராத குடும்பங்களும் இருந்தன. பிறர் கொல்லையில் குடிசை போட்டுப் பிறர் வயலில் உழைத்தன. நம் பண்ணையாளைப் போலவே! 1830 முதல் டச்சுக்காரர், ஊர் நிலத்தில் ஐந்திலொரு பங்கை அவுரிக்கும் கரும்புக்கும் ஒதுக்கச் சொல்லிப் பிழிந்தெடுத்தனர். விடுதலை பெற்ற இந்தோனேசியா 1960இல் நிலச் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தக் கோரிக் கிளர்ந்த உழவர்களில் ஏராளமானோர் 1965-66 படுகொலைகளில் மாண்டனர். இரண்டு நாடு, இரண்டு மதம், வயலின் கதை ஒன்று. எனவே நம் ஊர் ஏற்பாட்டைக் கடவுள் வகுத்தது, கன்மம் தந்தது என்று சொல்வோரிடம், ஜாவாவில் வகுத்தவர் யார் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் ஏடு திருத்தப்பட்டது மெல்ல மெல்ல. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம். 1956இல் நியாய வாரச் சட்டம், நஞ்சை விளைவில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிலவுடையார் கேட்கலாகாது என்றது. ஆனால் குத்தகை வாய்ச்சொல்லாக இருந்தது. "நீ யார்? உன் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் உழவன் என்ன சொல்வான்? பக்கத்து வயல்காரனைச் சாட்சிக்கு அழைக்கலாம். அவனும் அதே பண்ணையின் குத்தகைக்காரன்! அதனால்தான் 1969ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் எழுதச் சொன்ன சட்டம், நம் கணக்கில் உச்சவரம்புச் சட்டத்தைவிட முக்கியமானது. 1961இல் வந்த உச்சவரம்பு, குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆயிற்று. இடையில் நிலம் பங்காளிகள் பெயரிலும் அறக்கட்டளைகள் பெயரிலும் நழுவியதை ஊரார் அறிவர். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையார் மண்ணில் குடிசை போட்டிருந்த உழைப்பாளிக்கு அந்த மனையே உரியதாயிற்று. வயல் கிடைக்கவில்லை, வாசல் கிடைத்தது. எதிர்த்துப் பேசினால் இரவோடிரவாகக் குடிசையைப் பிரிக்கலாம் என்ற துணிச்சலுக்கு அது ஒரு தடை. 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவியும் ஒழிந்தது. சிட்டாவும் அடங்கலும் ஒரு வீட்டுப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்த காலம் அதோடு முடிந்தது.

இவ்வளவும் ஆண்களின் பெயரைப் பற்றியே பேசினோம். நடுகைக் காலத்தில் சிற்றாற்றுப் பாசன வயல்களில் குனிந்து நிற்போர் பெரும்பாலும் பெண்கள். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது சிரித்தவர் பலர். சுமத்திராவின் மினாங்கபாவு மக்களிடையே மூதாதையர் வயல் தாயிடமிருந்து மகளுக்கே போகிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்; அறிந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகளாயிற்று. தமிழ்நாட்டில் 1989இல் மகளும் மூதாதையர் சொத்தின் பங்காளியானாள். ஆனால் அதற்கு முன்பே மணமானவளுக்கு இல்லை என்றது அச்சட்டம். 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அன்று தந்தை உயிரோடிருந்தாரா என்ற வினாவுக்கும் இடமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. இன்றும் பாகப்பிரிவினை வந்தால் பத்திரப்பதிவு அலுவலகத்துத் திண்ணையில் அக்காளும் தங்கையும் வந்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அண்ணன்மார் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்திடுகிறார்கள். அன்று மாலை ஆளுக்கொரு சேலை கிடைக்கிறது. மறு ஆண்டு பிசானத்தில் நெல் மூட்டை அண்ணன் வீட்டில் இறங்குகிறது.