ஐராவத் வான்கண்காணிப்பு விமானம்

ஐராவத், எதிரி விமானங்களையும் கப்பல்களையும் வானிலிருந்தே தொலைவில் கண்டறியும் விமானத்தைச் சொந்தமாக உருவாக்க இந்தியா மேற்கொண்ட முதல் முயற்சி. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (டி.ஆர்.டி.ஓ.) 1985இல் தொடங்கிய இத்திட்டம், 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே சோதனை விமானம் விழுந்து நொறுங்கியதோடு நின்றுபோனது. இன்று விமானப்படையில் உள்ள நேத்ரா விமானம் இதன் வழிவந்தது.

தேவை

ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. கப்பலின் பாய்மரத்தில் 30 மீட்டர் உயரத்தில் ரேடார் இருந்தால், கடல்மட்டத்தை ஒட்டி வரும் ஏவுகணை சுமார் 22 கி.மீ. அருகில் வந்த பிறகே அதற்குத் தென்படும். ஒலியின் வேகத்தை நெருங்கி வரும் ஏவுகணைக்கு அந்தத் தொலைவு ஒன்றேகால் நிமிடப் பயணம்தான். அதே ரேடாரை 9,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அடிவானம் 390 கி.மீ. வரை விலகிப் போகும். ஆனால் மேலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்கு நிலமும் கடலும்கூட அலையைத் திருப்பி அனுப்பும். அந்த இரைச்சலுக்குள் நகரும் பொருளை மட்டும் பிரித்தெடுப்பதே இவ்வகை விமானத்தின் முதன்மைச் சிக்கல்.

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இப்பணியைச் செய்வதற்கென்றே அமெரிக்கா உருவாக்கியது ஈ-2 ஹாக்ஐ. 1960இல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தின் முதுகில் 24 அடி விட்டமுள்ள வட்டக் கூடு சுழலும். ரேடாரின் அலைவாங்கி அதற்குள் இருக்கும். விமானத்தின் வடிவம் பெரிதாக மாறவில்லை. ரேடார், கணினி, எஞ்சின், தகவல்தொடர்புக் கருவிகள் ஆகியவை மட்டும் தலைமுறைதோறும் மாற்றப்பட்டு வந்தன. 2014இல் பணிக்கு வந்த ஈ-2டி வகையில், கூடு சுழல்வதோடு ரேடார் கற்றையை மின்னணு முறையிலும் திருப்ப முடியும்.

கப்பல் தளமும் இந்தியாவின் வழியும்

ஹாக்ஐ போன்ற கனமான விமானத்தைக் கப்பலிலிருந்து செலுத்த, அதை உந்தித் தள்ளும் கவண்பொறி வேண்டும். 1961இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தில் நீராவிக் கவண்பொறி இருந்தது. பிரான்சில் தயாரான அலிஸே விமானங்கள் அதிலிருந்து கிளம்பிக் கண்காணிப்பிலும் நீர்மூழ்கி வேட்டையிலும் ஈடுபட்டன. 1971 போரில் வங்காள விரிகுடாவில் பங்கேற்றன. ஸீ ஹாரியர் விமானங்களுக்காக 1980களில் கப்பலின் முன்தளம் மேல்நோக்கி வளைக்கப்பட்டது. கவண்பொறியும் அகற்றப்பட்டதால் 1987உடன் அலிஸே கப்பலைவிட்டு இறங்கியது. அதன் பிறகு வந்த இந்தியக் கப்பல்கள் எல்லாவற்றிலும் கவண்பொறியின்றி வளைந்த முன்தளமே உள்ளதால் ஹாக்ஐ வகை விமானத்துக்கு அவற்றில் இடமில்லை. நிலத்திலிருந்து பறக்கும் விமானம், கப்பலிலிருந்து பறக்கும் ஹெலிகாப்டர் என இரு வழிகளே எஞ்சின. ஐராவத் முதல் வழியைச் சேர்ந்தது.

வடிவமைப்பு

புது விமானம் கட்டும் எண்ணம் டி.ஆர்.டி.ஓ.வுக்கு இல்லை. கான்பூரில் தயாராகி விமானப்படையிடம் இருந்த எச்.எஸ்.-748 விமானத்தையே, அதாவது 'ஆவ்ரோ'வையே, மாற்றியமைப்பது என முடிவாயிற்று. பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதற்கான இரட்டை எஞ்சின் விமானம் அது. அதன் முதுகில் தாங்கிகள் பொருத்தி, அவற்றின் மேல் 7.3 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் கனமும் உள்ள சுழலும் கூடு ஏற்றப்பட்டது. ஹாக்ஐ கூட்டின் விட்டமும் ஏறத்தாழ இதுவே.

இத்தகைய கூடு விமானத்துக்குப் பல வகையில் சுமை. எடையும் காற்றின் தடையும் கூடுகின்றன. கூட்டைச் சுற்றி வரும் கலங்கிய காற்று வால்பகுதியைத் தாக்கி, நிலைத்தன்மையைப் பாதிக்கிறது. சுழலும்போது எழும் அதிர்வும், திரும்பும்போதும் இறங்கும்போதும் மாறும் விசைகளும் தாங்கிகள் வழியாக விமான உடலுக்குள் இறங்குகின்றன. எனவே கூடின்றித் தாங்கிகளை மட்டும் வைத்துப் பறந்து பார்த்த பிறகே கூடு பொருத்தப்பட்டது. கூட்டுடன் விமானம் 1990 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 1991இல் இப்பணிக்கென பெங்களூரில் வான்வழி அமைப்புகள் மையம் நிறுவப்பட்டது.

அரக்கோணம் விபத்து

சென்னையிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக மேற்கே செல்லும் ரயில்பாதையில், ஆவடிக்கு அப்பால் ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் உள்ளது அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தை 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். நான்கு கி.மீ.க்கும் நீண்ட அதன் ஓடுபாதையில் துபலேவ்-142 போன்ற பெரிய கண்காணிப்பு விமானங்களும் இறங்கின.

1999 ஜனவரி 11 அன்று இத்தளத்தில் இறங்க நெருங்கிக்கொண்டிருந்த சோதனை விமானத்தின் சுழல்கூடு நிலைகுலைந்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. நான்கு விஞ்ஞானிகளும் விமானக் குழுவினர் நால்வரும் உயிரிழந்தனர். திட்டத்தின் அனுபவத்தைச் சுமந்திருந்தவர்களையும் சோதனை விமானத்தையும் ஒருசேர இழந்ததால் பணி நிறுத்தப்பட்டது.

தொடர்ச்சி

இடைவெளியை வெளிநாட்டுக் கொள்முதல் நிரப்பியது. 2003 முதல் கடற்படை ரஷ்யாவின் காமோவ்-31 ஹெலிகாப்டர்களைச் சேர்த்தது. இதன் ரேடார் அலைவாங்கி சுமார் 6 மீட்டர் அகலமுள்ள தட்டு. தளத்தில் நிற்கும்போது வயிற்றுக்கடியில் மடிந்திருக்கும். பறந்த பிறகு அது கீழிறங்கிச் சுழலும். தட்டுக்கு வழிவிடச் சக்கரக் கால்கள் மேலே தூக்கிக்கொள்ளும். விமானப்படைக்கு இஸ்ரேலின் பால்கன் ரேடார் தாங்கிய இல்யூஷின்-76 விமானங்கள் மூன்று வாங்க 2004இல் ஒப்பந்தமாகி, முதலாவது 2009 மே மாதம் வந்தது. அதன் முதுகிலும் வட்டக் கூடு உண்டு. ஆனால் அது சுழலாது. முக்கோணமாக அமைந்த மூன்று நிலையான அலைவாங்கிகள் ஆளுக்கு 120 பாகையாக வானைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

உள்நாட்டுத் திட்டமும் 2004இல் உயிர்பெற்றது. இம்முறை பிரேசிலின் எம்ப்ரேயர்-145 ஜெட் விமானம் தேர்வானது. சுழல்கூடு கைவிடப்பட்டு, முதுகில் நீளவாக்கில் பொருத்திய நிலையான ரேடார் வந்தது. கற்றையை மின்னணு முறையில் திருப்புவதால் அசையும் பாகங்களின் தொல்லை இல்லை. பக்கத்துக்கு 120 பாகையாக 240 பாகைதான் தெரியும், மூக்குக்கும் வாலுக்கும் நேரே பார்வை இல்லை என்பது இதற்குக் கொடுத்த விலை. வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதி பறக்கும் நேரத்தைக் கூட்டியது. நேத்ரா எனப் பெயரிடப்பட்ட முதல் விமானம் 2017 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வான்வழி அமைப்புகள் மையத்தின் இயக்குநராக இத்திட்டத்தை நடத்திய எஸ். கிறிஸ்டோபர் அப்போது டி.ஆர்.டி.ஓ. தலைவராக இருந்தார்.

அடுத்த கட்டமாக, ஏர் இந்தியா பயன்படுத்திய ஏர்பஸ்-321 விமானங்களை மாற்றியமைத்து ஆறு கண்காணிப்பு விமானங்கள் உருவாக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. பயணிகள் விமானத்தை மாற்றும் ஐராவத்தின் வழிமுறையை இத்திட்டமும் பின்பற்றுகிறது.