விண்ணப்பம் சென்ற திசை

கடிதக் கட்டுரை கற்பிக்கும்போது ‘பெறுநர்’ என்னும் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். முகவரி பிழையின்றி அமைந்தால் மதிப்பெண் உண்டு; அவருக்கு ஏன் எழுதினாய் என்று மாணாக்கரை நாம் வினவுவதில்லை. அச்சுரிமைக்காக எழுந்த பழைய விண்ணப்பங்களை நோக்கினால், வாதத்தின் பாதி வலிமை அவ்வொரு வரியிலேயே அடங்கியிருந்தமை புலனாகும்.

1823ஆம் ஆண்டு கல்கத்தாவில் தற்காலிகத் தலைமை ஆளுநராயிருந்த ஜான் ஆடம், அரசின் உரிமமின்றி இதழ் வெளியிடலாகாது என்று விதி வகுத்தார். இராஜா ராம்மோகன் ராயும் அவருடன் ஐவரும் அதனை எதிர்த்து விண்ணப்பம் வரைந்தனர். விதித்தவருக்கு அன்று, கல்கத்தா உச்ச நீதிமன்றத்திற்கு! அம்மன்றம் பதிவு செய்தாலன்றி அவ்விதி செல்லாது. மறுக்கும் அதிகாரம் எவரிடம் இருந்ததோ அவரிடமே வாதம் சென்றது. மன்றம் இசையவில்லை. ராய் தம் பாரசீக இதழாகிய ‘மிராத்-உல்-அக்பார்’ வெளியீட்டை நிறுத்தினார். பின்னர் இங்கிலாந்து மன்னருக்கு முறையிட்டும் பயனில்லை.

வங்க அரசின்கீழ் இருந்த சிங்கப்பூரையும் அத்தளை பிணித்தது. 1824இல் தோன்றிய ‘சிங்கப்பூர் குரோனிக்கிள்’ அச்சேறுமுன் அதிகாரியின் பார்வைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1835இல் மெட்காப் தளையை நீக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள் இங்கே பிறந்த இதழுக்கு ‘சிங்கப்பூர் பிரீ பிரஸ்’ என்றே பெயர். பெயரைச் சூட்டியபோது எத்துணை மகிழ்ந்திருப்பர்!

1857இல் வடஇந்தியாவில் கிளர்ச்சி மூண்டதும் கல்கத்தா அரசு அச்சகங்களுக்கு மீண்டும் உரிமம் விதித்தது. ஓராண்டுக்கே உரிய சட்டமாயினும், அது தங்களையும் கட்டும் என்றறிந்த சிங்கப்பூர் ஐரோப்பிய வணிகர் சினந்தனர். கல்கத்தாவுக்கு எழுதிப் பலன் காணாதவர்கள் அவர்கள். ஆதலின் பொதுக்கூட்டம் கூட்டி, இலண்டன் நாடாளுமன்றத்தின் ஈரவைகளுக்கும் விண்ணப்பித்தனர். தொலைதூரத்து உறுப்பினருக்கு ஒரு சிறு துறைமுகத்தின் அச்சுச் சட்டம் பெரிதாகத் தோன்றுமா? அதனை மட்டுமே நம்பி அவர்கள் எழுதவில்லை. கல்கத்தாச் சட்டமன்றத்தில் தமக்குப் பேராளர் இல்லாமை, இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து குவித்தல் முதலிய குறைகளை அடுக்கி, இந்திய ஆட்சியினின்றே தங்களைப் பிரித்துவிடுமாறு வேண்டினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதிப்பு இலண்டனில் சரிந்திருந்த வேளை அது. காலமும் அவையும் அறிந்து எழுதினர் எனலாம். எனினும் விடை விரைந்து வரவில்லை. 1867 ஏப்ரல் முதல் நாளன்றுதான் நீரிணைக் குடியேற்றங்கள் முடியாட்சியின் நேரடிக் குடியேற்ற நாடாயின.

அவ்விண்ணப்பம் சுமையென்று சுட்டிய கைதிகளுள் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். இந்நகரின் சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளுடையவை. அவர்கள் சார்பில் யார் எழுதியிருப்பார், எந்த அவைக்கு எழுதியிருப்பார்? ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழ் இங்கு வெளிவந்தது 1887இல். பிராஸ் பாசாவிலிருந்த கைதிச் சிறை அதற்குப் பல்லாண்டு முன்பே, 1873இல், மூடப்பட்டுவிட்டது.