இறக்கி ஏற்றும் கூலி

மேகமலையில் ஏற்றிய தேயிலை மூட்டை, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சின்னமனூரில் இறங்கி, போய்ச் சேர வேண்டிய ஊர்வரை அதே லாரியிலேயே போகலாம். வடக்கே, போடிக்கு மேலிருக்கும் மூணாறு மலையில் நூறாண்டுக்கு முன் நிலைமை வேறு. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருள, பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும், இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை அமைத்தார்கள். தேயிலைப் பெட்டி அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கே இறக்கிக் கம்பிவட ஊர்தியில் ஏற்றினால் கொட்டகுடி. அங்கே இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றினால் போடி. ரயில், வடம், வண்டி மூன்றும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்தன. ஆனாலும் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் கூலியாள் நிற்க வேண்டியிருந்தது. 1924 வெள்ளம் மலைமேல் இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது, அதற்குச் சரக்குக் கொண்டுவந்திருக்க வேண்டிய மலை ரயில் இல்லை.

புதிதாக ஒரு மானிட்டர் வாங்குகிறவர் இன்று நிற்பதும் அந்தக் கொட்டகுடியில்தான். மடிக்கணினியிலும் குறையில்லை, திரையிலும் குறையில்லை. இடையில்தான் படம் போக மறுக்கிறது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பதினைந்து முள் விஜிஏ, 2002இல் வந்த எச்டிஎம்ஐ, 2006இன் டிஸ்ப்ளே போர்ட், 2014இன் டைப்-சி என்று துளைகள் மாறிக்கொண்டே வந்தன. துளை பொருந்தாவிட்டால் பெரிய தொல்லை இல்லை, கடையிலேயே தெரிந்துவிடும். பொருந்தியும் வேலை செய்யாததுதான் ஆளைச் சுற்றவிடுகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் டைப்-சி துளைகளில் ஒன்று மின்சாரமும் தரவும் மட்டும் கடத்தும், இன்னொன்று படமும் அனுப்பும். பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே திரையை இணைத்தால் படம் வரும், ஆனால் நொடிக்கு 30 ஃப்ரேம்தான். 60 வேண்டுமானால் 2.0 வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்கு மலிவான கேபிள் பெரும்பாலும் போதும். அதே கேபிளைத் திருப்பி, எச்டிஎம்ஐ கணினியை டிஸ்ப்ளே போர்ட் திரையில் மாட்டினால் திரை கருப்பாகவே இருக்கும். மின்சாரம் கொடுத்து இயக்கும் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். எச்டிஎம்ஐயை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சி உற்பத்தியாளர்கள், அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. டிஸ்ப்ளே போர்ட்டை வகுத்த வெசா, கருவிக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை. அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. கன்வெர்ட்டரின் விலை மட்டும் இருவர் கணக்கிலும் ஏறாமல் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. பொருந்தாமையைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்வதைவிட, கைமாற்றிவிடப்பட்ட செலவு என்று சொல்வதே பொருத்தம்.

தொழில்நுட்பம் வளர்ந்தால் பழைய முனைகள் போகத்தானே வேண்டும் என்று கேட்கலாம். தென்னிந்திய ரயில் வரலாறு இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1850களில் இந்தியாவுக்கு வந்தது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. 1870இல் மேயோ பிரபுவின் அரசு சிக்கனம் கருதி மீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்தது. 1860களின் தொடக்கத்தில் அகலப் பாதையாகப் போட்ட நாகப்பட்டினம்–திருச்சி வழியை 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கும் மேல் கழித்து அதையே மறுபடி அகலமாக்கினார்கள். கடைசியில் வென்றது இரண்டில் மூத்தது. ஆகவே மாற்றம் என்றாலே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாருடைய செலவு எப்போது குறைய வேண்டும் என்பதைப் பொறுத்தே பாதை குறுகியது, விரிந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மலிவான அளவுதான் கடைக்கோடி ஊருக்கும் பாதையைக் கொண்டுபோகும். மீட்டர் கேஜ் இல்லாவிட்டால் தெற்கே பல ஊர்கள் ரயிலையே கண்டிருக்காது. இது உண்மை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மிச்சம் ஒரு தடவை, அதுவும் பாதை போட்டவருக்கு. இறக்கி ஏற்றும் கூலியோ தினமும், சரக்குக்காரருக்கு. ஒன்றாக்கும் நாள் வந்தபோதும் பெரிய விலை கொடுத்தது கடைக்கோடிதான். போடிப் பாதையின் தண்டவாளம் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்க்கப்பட்டு 1950களில் திரும்ப இடப்பட்டது. 1992இல் ஒரே கேஜ் திட்டம் வந்தது. 2007இல் ராமேசுவரம் வழியும் அகலமானதும் மதுரைச் சந்திப்பில் மீட்டர் கேஜாக மிஞ்சியது போடிக் கிளை மட்டுமே. அந்தப் பெட்டிகள் மதுரையைத் தாண்டி எங்கும் போக முடியாது. 2010 முடிவோடு அதையும் நிறுத்தினார்கள். அகலப் பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டு. இன்று போடியில் ஏறி மாறாமல் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம் என்பது பெரிய வசதிதான். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் பஸ்ஸில் போனவர்களின் டிக்கெட் காசு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் வராது.

அந்த இடைவெளியில் போடியின் ஏலக்காய் வியாபாரம் படுத்துவிடவில்லை. லாரி இருந்தது. மின்னணு ஏலம் அதற்கு முன்பே வந்திருந்தது, வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை கேட்டார்கள். கேஜ் பற்றிய புலம்பலே மிகை என்பவர்களுக்கு இது நல்ல சான்று. ஆனால் லாரி வென்றதற்குக் காரணமும் பொருத்தம்தான்: எந்த நிறுவனத்தின் லாரியும் எந்தச் சாலையிலும் ஓடும். சாலையைப் போட்ட அரசு டயருக்கு இடையே இருக்க வேண்டிய தூரத்தைக் குறித்துக் கொடுத்து ஓட்டுநரைக் கட்டிப்போடவில்லை.

அப்படியானால் சட்டம் போட்டு ஒரே துளையாக்கிவிடலாமே? ஐரோப்பிய ஒன்றியம் அதைச் செய்து பார்த்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் கைபேசிகளுக்கு டைப்-சி கட்டாயம். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் வரை அவகாசம் தந்தது. சார்ஜர் குவியல் குறையும், நல்லது. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது மின்னேற்றத்தைப் பற்றி. எத்தனை வாட் வேண்டும் என்று பெட்டியின்மேல் அச்சிடச் சொல்கிறது. அந்தத் துளை வழியாகத் திரைக்குப் படம் போகுமா, போனால் எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று அச்சிடச் சொல்லவில்லை. விற்பவர் சொன்னால் உண்டு.