வீட்டு ஒலியோட்ட அமைப்புகளில் இரைச்சல்

வீட்டு ஒலியோட்ட அமைப்பு என்பது இணையத்திலிருந்தோ வீட்டிலுள்ள கணினியிலிருந்தோ இசையை வலையமைப்பின் வழியாகப் பெற்று ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்யும் கருவிகளின் தொகுப்பு ஆகும். ஸ்ட்ரீமிங் என வழங்கும் இம்முறையில் இசையோடு சேர்ந்து கேட்கும் முனகல், கரகரப்பு, இசை இடையில் அறுந்துபோதல் ஆகியவை பொதுவாக இரைச்சல் எனப்படுகின்றன. இவை வலையமைப்பினால் உண்டாவன, மின்னிணைப்பினால் உண்டாவன என இரு வகைப்படும். இரண்டுக்கும் காரணமும் தீர்வும் வேறு வேறாகும். கடலோரக் காற்று, பழைய கட்டிடங்கள், பிரெஞ்சு முறை மின்செருகிகள் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படக்கூடிய புதுச்சேரி நகரம் இச்சிக்கல்களை விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அமைப்பின் பகுதிகள்

இசை முதலில் எண்களாக, அதாவது இலக்கமுறைத் தரவாக, ரவுட்டர் எனப்படும் திசைவி வழியே வந்து சேர்கிறது. இசைக்கருவி அத்தரவைத் தன் நினைவகத்தில் சிறிது நேரம் சேமித்து வைக்கிறது. பின்னர் இலக்க-தொடர்முறை மாற்றி அதனை மின்னழுத்த அலையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் எனப்படும் மிகைப்பி அவ்வலையைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மாற்றிக்கு முன் உள்ள பகுதி இலக்கமுறைப் பகுதி. பின் உள்ளது தொடர்முறைப் பகுதி. முனகலும் கரகரப்பும் பெரும்பாலும் தொடர்முறைப் பகுதியிலேயே நுழைகின்றன.

வலையமைப்புச் சிக்கல்கள்

குறுந்தகட்டின் தரத்திலான இசைக்கு நொடிக்கு 1411.2 கிலோபிட் தேவை (44,100 மாதிரிகள் × 16 பிட் × 2 தடங்கள்). 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இசைக்கும் நொடிக்கு 9.2 மெகாபிட் அளவே தேவை. சாதாரண ஈதர்நெட் வடம் நொடிக்கு 100 அல்லது 1000 மெகாபிட் கடத்த வல்லது. ஆகவே வடத்தின் வேகம் குறைபாடாக இருப்பது அரிது.

ஒவ்வொரு ஈதர்நெட் பொதியிலும் 32 பிட் பிழைச் சோதனை எண் உள்ளது. பழுதான பொதி ஏற்கப்படாமல் தள்ளப்படுகிறது. பெரும்பாலான இசைச் சேவைகளில் அது மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. எனவே வலையமைப்புப் பழுது இசையின் இனிமையைச் சிறிது சிறிதாகக் குறைப்பதில்லை. சேமித்த தரவு தீர்ந்தால் இசை நின்றுபோகும். தீராதவரை முழுமையாக ஒலிக்கும்.

இசை அறுந்துபோவதற்கு வைஃபை அலைகளின் குறுக்கீடு முதன்மையான காரணமாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றே பொதுவாகப் பயன்படுகின்றன. அக்கம்பக்கத்துத் திசைவிகளும், இதே பட்டையில் இயங்கும் நுண்ணலை அடுப்பும் இங்கு இடையூறு செய்கின்றன.

மின் இரைச்சல்

நில இணைப்பு வளையம்: இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் எனப்படும் நில இணைப்பைப் பெற்று, ஒலி வடத்தாலும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டால் ஒரு மூடிய வளையம் உண்டாகிறது. இரு நில இணைப்புகளுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஒலி வடத்தின் உறை வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இதுவே 50 ஹெர்ட்ஸ் முனகலாகவும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் ஒலிகளாகவும் கேட்கிறது. வெளியிலிருந்து வரும் கேபிள் தொலைக்காட்சி வடம் இத்தகைய வளையத்தை அடிக்கடி உண்டாக்குகிறது.

மின்வழங்கிகள்: கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகள் உயர் அதிர்வெண்ணில் இயங்குவதால் சீறல் ஒலியை ஏற்படுத்தக்கூடும். மின்விசிறியின் மின்னணு ஒழுங்கியும் ஒளிமங்கல் ஆளியும் கரகரப்பைத் தரும். மின்வெட்டின்போது சதுர அலை தரும் இன்வெர்ட்டர் இயங்கினால் மிகைப்பியின் மின்மாற்றி உரக்க முனகும். சைன் அலை இன்வெர்ட்டரில் இது பெரிதும் குறைவு.

வானலைகள்: 2ஜி அலைபேசி நொடிக்கு ஏறத்தாழ 217 முறை துடிப்புகளாக அலை அனுப்புவதால், மிகைப்பிக்கு அருகில் வைத்தால் டக்டக் என்னும் ஒலி கேட்கும்.

முறுக்கிய இணை ஈதர்நெட் வடத்தின் இரு முனைகளிலும் சிறு மின்மாற்றிகள் உள்ளன. இவை 1500 வோல்ட் வரை தாங்கும் மின்பிரிப்பை அளிக்கின்றன. ஆகவே உறையில்லாத வடம் நில வளையத்தை உண்டாக்குவதில்லை. உலோக உறையுள்ள வடம் இரு கருவிகளின் உடல்களையும் இணைத்துவிட்டால் அதுவே வளையமாக மாறும். வீட்டளவிலான தொலைவுகளுக்கு உறையில்லாத வடமே போதுமானது.

புதுச்சேரியின் சூழல்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் இன்றும் இங்கு வாழ்கின்றன. பிரான்சிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து கொண்டுவரப்படும் மிகைப்பி இங்கும் இயங்கும். ஆனால் செருகியில் வேறுபாடு உண்டு. பிரெஞ்சு முறையில் நில இணைப்பு முனை செருகியில் இல்லை. சுவர்க்குழியிலிருந்து நீண்டு செருகியின் துளைக்குள் நுழைகிறது. இச்செருகியைப் பலவகைச் செருகிகளை ஏற்கும் குழியில் பொருத்தினால் கருவி இயங்கும், நில இணைப்பு மட்டும் கிடைக்காது. மேலும் பிரெஞ்சுச் செருகியின் முனை 4.8 மில்லிமீட்டர் விட்டமுடையது. இந்திய 6 ஆம்பியர் செருகியின் முனை ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர். இவ்வேறுபாட்டால் பொருத்தம் தளர்ந்து, தீப்பொறியும் வெப்பமும் கரகரப்பும் உண்டாகலாம். செருகியைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு இந்திய மூன்றுமுனைச் செருகியாக மாற்றுவதே சரியான வழியாகும்.

கடற்காற்றிலுள்ள உப்பு செருகி முனைகளையும் ஒலி வட இணைப்பிகளையும் அரிக்கிறது. அரிப்பேறிய இணைப்பு கரகரப்புக்குக் காரணமாகும். நில இணைப்புக் குழியிலுள்ள உலோகத்தையும் உப்புநீர் அரிப்பதால் அதனைக் காலமுறையில் சோதிக்க வேண்டும். நில இணைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 ஆகும்.

கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியிலும், வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதியிலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட தடித்த சுவர்களுடைய வீடுகள் உள்ளன. இச்சுவர்கள் வைஃபை அலைகளை, குறிப்பாக 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை, வலுவிழக்கச் செய்கின்றன. மின்கம்பி வழியே தரவு அனுப்பும் கருவிகள் சுவரைத் துளையிடாமல் பயன்படும் எனினும், அவை வீட்டு மின்கம்பிகளிலேயே வானலைகளை ஏற்றுகின்றன. கதவுச் சட்டத்தின் ஓரமாக மெல்லிய ஈதர்நெட் வடம் இழுப்பது இதனினும் நன்று.

காரணத்தைக் கண்டறிதல்

1. இசை இடையில் நின்றால் கருவியை ஈதர்நெட் வடத்தில் இணைத்துப் பார்க்க வேண்டும். சிக்கல் நீங்கினால் வைஃபை காரணம்.
2. இசை ஓடாதபோதும் முனகல் கேட்டால் மிகைப்பியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளீட்டு ஒலி வடங்களைக் கழற்ற வேண்டும். மீண்டும் இயக்கும்போது முனகல் நின்றால் அது வெளியிலிருந்து வருகிறது.
3. வடங்களை ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்கும்போது முனகல் திரும்புமிடம் வளையத்தைக் காட்டும்.
4. விசிறி, விளக்கு, மின்னேற்றி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினால் கரகரப்பின் மூலம் தெரியும்.

குறைக்கும் வழிகள்

- எல்லா ஒலிக் கருவிகளுக்கும், அவற்றின் மொத்தச் சுமையைத் தாங்கும் ஒரே குழியிலிருந்து மின்சாரம் தருதல். செலவற்ற இம்முறை பல நில வளையங்களை நீக்கிவிடும்.
- வளையம் நீடித்தால் இலக்கமுறை இணைப்புக்கு ஒளியிழை வடத்தையும், தொடர்முறை இணைப்புக்கு ஒலிப் பிரிப்பு மின்மாற்றியையும் பயன்படுத்துதல்.
- நீண்ட தொலைவுக்குச் சமநிலை இணைப்பைப் பயன்படுத்துதல். இதில் இரு கம்பிகளிலும் ஒருசேர ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கிறது.
- மின்கம்பியும் ஒலி வடமும் அருகருகே நீளமாக ஓடாதபடி அமைத்தல்.

இசைக்கெனத் தனியாக விற்கப்படும் விலைமிகுந்த வலையமைப்பு வடங்கள் தரவை மாற்றுவதில்லை. முதலில் நில இணைப்பையும் செருகிகளையும் சீர்செய்வதே பயன்தரும்.

பாதுகாப்பு

செருகியின் நில இணைப்பு முனையை முறித்தோ கழற்றியோ விட்டால் முனகல் நின்றுவிடலாம். ஆனால் இது உயிருக்கு ஆபத்தானது. கருவியினுள் மின்கம்பி உலோக உடலைத் தொட்டால், நில இணைப்பு இருக்கும்போது பெருமின்னோட்டம் பாய்ந்து காப்புருகி மின்சாரத்தைத் துண்டிக்கும். நில இணைப்பு இல்லையெனில் உலோக உடல் 230 வோல்ட்டில் நிற்கும். அதைத் தொடுபவரின் உடலே மின்சாரம் நிலத்துக்குச் செல்லும் வழியாகிவிடும். 30 மில்லியாம்பியர் கசிவு மின் துண்டிப்பி கூடுதல் காப்பே தவிர நில இணைப்புக்கு மாற்றன்று.

ஒலி அமைப்புக்கென்று தனியாக ஒரு நிலக்கம்பியைப் புதைத்து, வீட்டின் முதன்மை நில இணைப்போடு சேர்க்காமல் விடுவதும் தவறாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அருகில் இடி விழுந்தால் இரு நில இணைப்புகளுக்கும் இடையே மிகுந்த மின்னழுத்தம் தோன்றிக் கருவிகளையும் அவற்றைத் தொடுபவரையும் தாக்கக்கூடும். இடிமழை தொடங்கும் முன்னரே செருகிகளையும் வெளியிலிருந்து வரும் உலோக வடங்களையும் கழற்றி வைத்தல் நலம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாததால் ஒளியிழை இணைய இணைப்பில் இவ்விடர் குறைவாகும்.